வாடகை வீடும் வரவுசெலவுக் கணக்கும்



ராயபுரத்தைக் கடந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், தண்டையார்பேட்டைத் தெருக்களில் ஒருவகை வீட்டைப் பலகாலும் காண்பர். மாடிப்படி வீட்டிற்குள் இராது. வெளிப்புறமாகத் தெருவை நோக்கி இறங்கியிருக்கும். அப்படியின் அடியில் மின்சார மீட்டர்கள் நான்கைந்து வரிசையாக மாட்டப்பெற்றிருக்கும். உள்ளே எத்தனை குடித்தனங்கள் இருக்கின்றன என்பதை அம்மீட்டர்களை எண்ணியே அறிந்துகொள்ளலாம்.

துறைமுகத்திலும், 1996-ஆம் ஆண்டில் மூடப்பெற்ற பின்னி ஆலையிலும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலும் வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களுள் சிலர், சேமநிதியாகக் கைக்கு வந்த தொகையைக் கொண்டு தம் ஓட்டு வீட்டை மாற்றி மாடி எழுப்பினர். மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் பேறு இல்லாத அவர்கட்கு அம்மாடியிலிருந்து வரும் வாடகையே ஓய்வூதியம் ஆயிற்று. அவர்கள் காலத்திற்குப் பின் அவர்தம் மனைவியர்க்கும் அதுவே சோறு. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பெற்று, தண்டையார்பேட்டையிலும் ஒரு நிலையம் அமைந்தது. நகரின் தென்பகுதியில் பணிபுரிவோரும் இன்று இங்கே குடியிருந்து வேலைக்குச் சென்றுவர இயலுகிறது. ஆகவே வீட்டை வாடகைக்கு விடுதல் இவ்வட்டாரத்தில் செல்வரின் தொழில் அன்று. பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தின் பிழைப்பு என்றே கொள்ளவேண்டும்.

அத்தகைய வீட்டுக்காரர் ஒருவரை அணுகி, “உங்கள் வீடு மாதம் என்ன தருகிறது?” என்று கேட்டால், உடனே ஒரு தொகையைச் சொல்வார். குடித்தனம் நான்கு, வாடகை தலைக்கு 8,000 ரூபாய் என்றால், விடை 32,000 ரூபாய் என்று வரும். அவ்விடை பிழையானது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கு, வாடகை வாங்கும் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுவதே காரணம். செலவுகள் வேறெங்கோ, பெரும்பாலும் சட்டைப்பையிலும் நினைவிலும், சிதறிக் கிடக்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு குடித்தனங்கள், ஆண்டு வாடகை 3,84,000 ரூபாய். மாடியில் வடபுறத்து வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது. அதனால் 16,000 ரூபாய் குறைந்து, கைக்கு வந்தது 3,68,000. இனிச் செலவைப் பார்ப்போம். மாநகராட்சிச் சொத்துவரி 8,000. குடிநீர் வாரியத்திற்குச் செலுத்தும் வரியும் கட்டணமும் 6,000. மாடிப்படி விளக்கு, மோட்டார் ஆகிய பொது மின்சாரம் 12,000. படி பெருக்கும் அம்மாளுக்குக் கூலி 12,000. கோடையில் தண்ணீர் லாரிக்கு 9,000. மோட்டார் சுருள் கட்ட 4,500. காலியான வீட்டிற்கு வெள்ளையடித்துக் குழாய் மாற்ற 18,000. மொட்டைமாடி ஒழுகியதைச் செப்பனிட்டுத் தட்டோடு பதிக்க 60,000. ஆக 1,29,500 ரூபாய் செலவு. எஞ்சியது 2,38,500. மாதத்திற்கு வகுத்தால் 19,875 ரூபாய்தான். முப்பத்திரண்டாயிரம் வருகிறது என்று எண்ணி அதற்கேற்பக் குடும்பம் நடத்துகின்றவர் எப்படிக் கடன்படாமல் இருக்க இயலும்?

தண்ணீர்ச் செலவைப் பற்றி ஒரு சொல். இவ்வூரில் கிணறும் போரும் இருப்பது மட்டும் போதாது. 2013-ஆம் ஆண்டில் தண்டையார்பேட்டையின் சில தெருக்களில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் எண்ணெயோடு சேர்ந்தே புகுந்தது. இங்கே வீடு வைத்திருப்பவர் தண்ணீருக்கென்று தனித் தலைப்பு ஒன்று கணக்கில் வைத்தே தீரவேண்டும்.

இக்கணக்கையெல்லாம் எழுதிவைக்க இப்போது கணினியில் மென்பொருள்கள் கிடைக்கின்றன. தனிமனிதர் தம் வரவுசெலவை எழுதுவதற்கென்றே அமைந்தவை அவை. அமெரிக்காவில் புகழ்பெற்ற குவிக்கன் என்பது 1980-களிலேயே வெளிவந்தது. வாடகை வீடு வைத்திருப்போர்க்கென அதில் தனிப் பதிப்பும் உண்டு. ஆனால் அதன் தலைப்புகள் அமெரிக்க வரிப்படிவத்தை ஒட்டி அமைந்தவை, நமக்குப் பொருந்தா. மைக்ரோசாஃப்ட் மணி என்ற மற்றொன்றின் விற்பனையை அந்நிறுவனமே 2009-இல் நிறுத்திவிட்டது. நம் நாட்டு டேலி 1986-இல் தோன்றியது. பாரிமுனை வணிகர்கட்கு இன்றியமையாத அது, நான்கு குடித்தனக்காரருக்குச் சற்று மிகை என்பது என் கருத்து. க்னூகேஷ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. கணக்கு நம் கணினியிலேயே தங்குவது. அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. கணக்குத் தலைப்புகளையும் நாம் விரும்பியவாறு தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம். எக்ஸெல் அட்டவணையில் எழுதுவோரும் பலர். ஒழுங்காக எழுதுவோர்க்கு அதுவும் போதும். ஆனால் அட்டவணை ஒருபுறம் மட்டும் எழுதினாலும் வாய்மூடி இருக்கும். க்னூகேஷ் அங்ஙனம் இராது. எழுதும் ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்று இருபுறமும் கேட்கும். இரண்டும் சரிநிகராக நில்லாவிடில், ஒவ்வாத மிச்சத்தைத் தனித் தலைப்பில் நிறுத்திக் கண்முன் காட்டும்.

இம்முறை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டா. வெனிஸ் நகரில் 1494-ஆம் ஆண்டில் லூக்கா பாச்சியோலி என்ற துறவி இதனை நூலில் எழுதி அச்சிட்டார் என்பது உண்மைதான். ஆயினும் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் நடத்திய வட்டிக்கடைகளில் கால்மடித்து அமர்ந்து எழுதிய சிட்டை, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றைக் கண்டவர்க்கு, வரவும் பற்றும் எதிரெதிரே நிற்கும் முறை புதிதாகத் தோன்றாது. அன்றாடம் நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதை ஆள்வாரியாகவும் இனவாரியாகவும் பிரித்தெழுதுவது பேரேடு. எல்லாவற்றையும் தொகுத்து, நம்மிடம் உள்ளது எவ்வளவு, நாம் பிறர்க்குத் தரவேண்டியது எவ்வளவு என்று காட்டுவது ஐந்தொகை. கணினி செய்வது இதுவே: சிட்டையை மட்டும் நாம் எழுதினால், பேரேட்டையும் ஐந்தொகையையும் அதுவே ஆக்கிக்கொள்கிறது.

வாடகை வீட்டுக் கணக்கில் இதன் பயன் எங்கே மிகுதியாகத் தெரிகிறது என்றால், முன்பணத்தில்தான். நம் பேச்சுவழக்கில் அட்வான்ஸ் என்று சொல்கிறோம். நான்கு குடித்தனக்காரரும் தலைக்கு 50,000 ரூபாய் கொடுத்திருந்தால், வீட்டுக்காரரிடம் உள்ளது இரண்டு இலட்சம். வங்கியில் அவர் பெயரில் கிடக்கும் இப்பணம் அவருடையது அன்று. ஆயினும் மகள் திருமணத்திற்கோ, மேல்தளத்தில் இன்னும் ஓர் அறை எழுப்பவோ அது செலவாகிவிடுகிறது. பிறகு ஒருவர் வீட்டைக் காலிசெய்யும்போது, அடுத்து வருபவர் கொடுக்கும் முன்பணத்தைக்கொண்டுதான் முன்னவர்க்குத் திருப்பித்தர வேண்டியிருக்கிறது. அடுத்தவர் உடனே வாராவிடில், “ஆள் வரட்டும், தருகிறேன்” என்ற சொல் பிறக்கிறது. வெளியேறும் குடும்பமோ புதிய வீட்டிற்கு முன்பணம் கட்ட அத்தொகையையே நம்பி நிற்கிறது. இருவர்க்கும் மனக்கசப்பு விளைய வேறென்ன வேண்டும்?

1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்றும், அதனை வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்தல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவகை கூறப்படாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைத் திரும்பப் பெற்ற ஒரு மாதத்திற்குள், குடியிருந்தவர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித்தரல் வேண்டும். இதனைச் செய்ய இயலவேண்டுமாயின், முன்பணம் எவ்வளவு நம்மிடம் நிற்கிறது என்பது என்றும் கண்முன் இருத்தல் வேண்டும்.

க்னூகேஷில் இதற்கென ‘கடன்’ என்ற பிரிவின்கீழ் ‘முன்பணம்’ என்றொரு தலைப்பும், அதனுள் ஒவ்வொரு குடித்தனத்திற்கும் ஓர் உட்தலைப்பும் வைக்கவேண்டும். முன்பணம் வாங்கிய நாளில் வங்கியில் 50,000 ஏறும். கடனிலும் 50,000 ஏறும். வருமானத்தில் ஒரு காசும் ஏறாது. அத்தொகையை எடுத்து வேறு வகைக்குச் செலவிட்டால் வங்கி இருப்புக் குறையும், கடன் குறையாது. ஐந்தொகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு இலட்சம் அங்கே நின்றுகொண்டே இருக்கும். இப்பணத்தை வங்கியில் தனி வைப்பாகவே போட்டுவைப்பவரும் உளர். அது மிக நன்று. ஆனால் எல்லோர்க்கும் இயல்வதன்று.

ஒருவர் காலிசெய்கிறார் என்று கொள்வோம். வாடகைப் பாக்கி 3,000, மின்சாரம் 1,200. இவ்விரண்டையும் கழித்தால் திருப்பித்தர வேண்டியது 45,800. கணினியில் இது ஒரே பதிவு: முன்பணக் கடனில் 50,000 குறைகிறது, அதற்கு எதிரே பாக்கி, மின்சாரம், வங்கி என மூன்று வரிகள் நிற்கின்றன. அப்பதிவை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டால் வாசலில் நின்று வாதிடும் வேலை இல்லை. மின்வாரியக் கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், குடித்தனக்காரர் வெளியேறும் அன்றே மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. இல்லையேல் அவர் போனபின் வரும் சீட்டு யார் தலையில் விழும் என்ற கேள்வி எழும்.

வெள்ளையடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் பரவலாக உண்டு. ஒப்பந்தத்தில் எழுதி இருவரும் ஒப்பியிருந்தால் அது வேறு. எழுதாமல் பிடிப்பது முறையன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐந்தாண்டு குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அந்த மங்கலுக்கும் சேர்த்துத்தானே ஐந்தாண்டும் வாடகை வாங்கினோம்?

வாடகை பெறுவதில் ஒரு நுட்பம் உண்டு. இப்போது பலரும் யுபிஐ வழியாகக் கைப்பேசியிலேயே அனுப்புகின்றனர். 8,000 தரவேண்டியவர் 5,000 அனுப்பிவிட்டு, மீதியைப் பத்து நாளில் தருகிறேன் என்பார். நோட்டுப் புத்தகத்தில் 5,000 என்று எழுதினால், எஞ்சிய 3,000 நினைவை மட்டும் நம்பி நிற்கும். இருபுறக் கணக்கில் வாடகை 8,000 என்று ஒருபுறம் எழுதி, எதிரே வங்கி 5,000, அவர் பாக்கி 3,000 என்று பிரித்தெழுதலாம். மாத இறுதியில் வங்கி அறிக்கையோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்க்கும் வசதியும் அதில் உண்டு. குடித்தனக்காரரிடம் மின்சாரத்திற்கென்றும் தண்ணீருக்கென்றும் தனியே வசூலிக்கும் பணத்தை வாடகையோடு சேர்த்தெழுதலாகாது. அந்தந்தச் செலவுத் தலைப்பிலேயே கழித்து எழுதவேண்டும். இல்லையேல் வருமானம் இல்லாத பெருக்கத்தைக் காட்டும்.

இன்னொன்று, வாடகைத் தலைப்பைக் குடித்தனவாரியாகப் பிரித்துவைத்தல். மேற்சொன்ன வீட்டில் மாடி வடபுறத்தார் ஏன் காலிசெய்தார் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் மாதம் 500 ரூபாய் உயர்த்திக் கேட்டார், அவர் இசையவில்லை, போய்விட்டார் என்று கொள்வோம். புதியவர் அவ்வுயர்வோடு வந்தார். ஆண்டிற்கு 6,000 ரூபாய் மிகுதி என்று வீட்டுக்காரர்க்கு மகிழ்ச்சி. அந்த ஒரு குடித்தனத்தின் பேரேட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால், இரண்டு மாதம் காலியாக இருந்ததில் 16,000, வெள்ளைக்கும் குழாய்க்கும் 18,000, ஆக 34,000 ரூபாய் இழப்பு. ஆண்டிற்கு 6,000 வீதம் இதனை மீட்க ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் புதியவரும் போய்விடக்கூடும். பழைய குடித்தனக்காரரோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பேசி, 200 ரூபாய் உயர்வில் உடன்பட்டிருந்தால் வீட்டுக்காரர்க்கு எவ்வளவு ஆதாயம்! நான்கு வீட்டு வாடகையையும் ஒரே தொகையாக எழுதுவோர்க்கு இவ்விழப்பு கண்ணுக்குப் புலப்படவே புலப்படாது.

மொட்டைமாடிச் செலவையும் ஆராய்தல் வேண்டும். 60,000 ரூபாயை ஒரே ஆண்டில் எழுதியதால் மாத வருவாய் இருபதாயிரத்திற்குக் கீழே இறங்கிற்று. அவ்வேலை ஆறாண்டு தாங்கும் எனில் ஆண்டுக்குப் பதினாயிரமே அதன் பங்கு. அவ்வாறு பரப்பிப் பார்த்தால் மாதம் சுமார் 24,000 ரூபாய் நிற்கும். குடும்பச் செலவைத் திட்டமிட இந்த இரண்டாவது எண்ணே ஏற்றது. ஆனால் மற்ற ஐந்தாண்டுகளிலும் அந்தப் பதினாயிரத்தை எடுத்துவைக்காதவர், அடுத்த முறை ஒழுகும்போது வட்டிக்கு வாங்கத்தான் நேரும்.

கணக்கு எழுதுவது வருமான வரிக்காரர்க்காக என்று எண்ணுவோர் உளர். வாடகை வீட்டைப் பொறுத்தவரை நிலைமை விந்தையானது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வகுத்த முறையை 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் தொடர்கிறது. பெற்ற வாடகையிலிருந்து, உரிமையாளர் அவ்வாண்டில் உண்மையாகச் செலுத்திய சொத்துவரியைக் கழிக்கவேண்டும். எஞ்சியதில் 30 விழுக்காட்டைச் செலவுக்கென்று சட்டமே தள்ளிக்கொடுக்கிறது. நம் எடுத்துக்காட்டில் 3,68,000-இலிருந்து 8,000 போக 3,60,000. அதில் 30 விழுக்காடு 1,08,000. வரிக்குரிய வருமானம் 2,52,000. கடன் வாங்கிக் கட்டியிருந்தால் அதன் வட்டிக்கும் தனிக் கழிவு உண்டு. ஆனால் நீங்கள் மோட்டாருக்குச் செலவழித்தீர்களா, மாடிக்குச் செலவழித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. செலவு ஒன்றரை இலட்சம் ஆனாலும் ஐயாயிரம் ஆனாலும் கழிவு அதே 30 விழுக்காடுதான். ஆதலின் செலவுக் கணக்கு எழுதுவது முழுக்க முழுக்க நமக்காகவே. விதிவிலக்கு ஒன்று: புதிதாக அறை கட்டுதல் போன்ற விரிவாக்கச் செலவுகளைப் பழுதுபார்த்தலோடு கலவாமல் தனித் தலைப்பில் எழுதி, இரசீதுகளையும் காத்தல் வேண்டும். பிற்காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால் இலாபத்தைக் கணக்கிட அவை உதவும்.

சொத்துவரியைப் பற்றி மேலும் ஒரு குறிப்பு. ஏப்ரலிலும் அக்டோபரிலும், அதாவது ஒவ்வோர் அரையாண்டின் தொடக்கத்திலும், முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோர்க்குச் சென்னை மாநகராட்சி 5 விழுக்காடு ஊக்கத்தொகை அளிக்கிறது. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய். இத்தகைய கெடுக்களை முன்கூட்டியே மென்பொருளில் குறித்துவைத்தால், உரிய நாளில் அதுவே நினைவூட்டும்.

எங்கே தொடங்குவது என்று சிலர் மலைக்கின்றனர். பத்தாண்டுப் பழங்கணக்கை ஏற்ற வேண்டியதில்லை. ஏப்ரல் முதல் தேதியைத் தொடக்கமாகக் கொள்ளலாம். அன்று வங்கியில் உள்ளது, கையில் உள்ள ரொக்கம், ஒவ்வொருவரிடமும் வரவேண்டிய பாக்கி, நாம் பிடித்து வைத்திருக்கும் முன்பணம் ஆகிய நான்கையும் தொடக்க இருப்பாக எழுதினால் போதும். அதன்பின் வாரத்திற்கு ஒருமுறை அரைமணி நேரம். கண் மங்கிய முதியோர்க்குப் பேரனோ பேத்தியோ எழுதிக்கொடுக்கலாம். அவ்வாறு எழுதும் பிள்ளைகட்கும் வீட்டின் நிலை தெரிந்திருக்கும். மாத இறுதியில் கோப்பின் படி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும். முன்பணத் தொகையை மட்டும் ஒப்பந்தத்தைப் பார்த்தே எழுதுங்கள். ஒப்பந்தம் அகப்படாவிடில் குடித்தனக்காரரையே கேட்கலாம்; தாம் கொடுத்தது எவ்வளவு என்பதை அவர் மறந்திருக்கமாட்டார்.